சிலேக்குப் போகிறவர்களுக்கு ஒரு திருத்தம்

சிலே நாட்டுக்குப் போகிறவர்களுக்காக நான் எழுதிய ஆறு பக்கக் குறிப்பு ஒன்று லண்டன் தமிழர்களின் கைபேசிகளில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. என் தங்கையின் மகனுக்குச் சாந்தியாகோ நகரத்தில் கல்யாணம் நடந்தபோது, இங்கிருந்து போன பதினாறு பேருக்காக எழுதியது. போன கிழமை கோலியர்ஸ் வுட் ரயில் நிலைய வாசலில் முன்பின் தெரியாத ஒருவர் என்னை மறித்தார். "அண்ணை, உங்கடை நோட்ஸ் நல்ல உதவி. நாங்களும் வாற மாசம் போறம்" என்றார்.

அந்தக் குறிப்பை எழுதியபோது நான் சிலேயைப் படத்தில்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை. வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அழித்துவிடுங்கள். ஏன் அழிக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அதில் சரியாக இருந்தவற்றை முதலில் சொல்லிவிடலாம். அதிக நேரம் பிடிக்காது. பிரித்தானியக் கடவுச்சீட்டு உள்ளவர் சுற்றிப்பார்க்கப் போவதற்கு விசா தேவையில்லை. விமானத்தில் ஏறக்குறைய பதினைந்து மணி நேரம். நாம் இங்கே குளிரில் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் ஜனவரியில் அங்கே நல்ல கோடை. அவ்வளவுதான்.

மற்றதெல்லாம் என் சொந்தக் கற்பனை. லண்டன் பிளக் அங்கேயும் பொருந்தும் என்று எழுதியிருந்தேன். அங்கே மூன்று துளைகளும் ஒரே வரிசையில் நிற்கின்றன. முதல் நாளே எங்கள் ஆட்களின் கைபேசிகள் ஒவ்வொன்றாகச் செத்தன. குழாய்த் தண்ணீரை வாயில் வைக்கவே கூடாது என்று எழுதியிருந்தேன். சாந்தியாகோவில் எல்லோரும் குழாயைத் திறந்துதான் குடிக்கிறார்கள். என் பேச்சை நம்பிய உறவினர் ஒருவர் ஐந்து நாளும் சோடாவில் பல் விளக்கினார். மரக்கறிச் சாப்பாட்டுக்காரர் பட்டினி கிடக்க நேரும் என்றும் எழுதியிருந்தேன். பயறு, அவரை, சோளம், கைப்பிடி கைப்பிடியாக அவகாடோ என்று அந்த நாடு முழுவதும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. பின்னேரத் தேநீரோடு பேக்கரிப் பாண் சாப்பிட்டுவிட்டு அதையே இரவுச் சாப்பாடு என்று சொல்லிவிடும் சனம். யாழ்ப்பாணத்து ஆளுக்கு இதைவிட என்ன சௌகரியம் வேண்டும்?

தெரியாததை ஏன் எழுதினேன் என்று கேட்பீர்கள். தெரியாது என்று சொல்லும் பழக்கம் என்னிடம் இருக்கவில்லை. அது மட்டும்தான் காரணம்.

நான் பட்டதாரி. லண்டனுக்கு வந்து சில வருடம் பெட்ரோல் நிலையத்தில் நின்றுவிட்டு, பிறகு ஒரு கவுன்சில் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். வீட்டு வாடகைக்கு உதவி கேட்டு வரும் விண்ணப்பங்களை வாசிப்பது என் வேலை. நாள் முழுவதும் படிவம். வீட்டுக்கு வந்தால் வரவேற்பறையில் மூன்று பேர் படிவத்தோடு காத்திருப்பார்கள். பெனிபிட், குடியுரிமை, பள்ளிக்கூட இடம், வாகன அனுமதி என்று நான் நிரப்பாத காகிதம் இல்லை. கோவிலில் என்னைக் கண்டால் சாமியை விட்டுவிட்டு என்னைச் சுற்றுகிறவர்களும் இருந்தார்கள். சொல்வது பாவம்தான், ஆனால் அது எனக்குப் பிடித்திருந்தது.

இத்தனை வருடப் படிவ ஞானத்தை நான் இரண்டு விதிகளாக வைத்திருந்தேன். இரண்டையும் சிலேக் குறிப்பின் முதற் பக்கத்தில் தடித்த எழுத்தில் போட்டேன்.

முதலாவது: என்ன கேட்டாலும் 'இல்லை' என்பதற்கு நேரே புள்ளடி போடுங்கள். 'ஆம்' போட்டால் அடுத்த பக்கம் வரும். 'இல்லை' போட்டால் நேரே கையெழுத்துக்குப் போய்விடலாம். இது கவுன்சிலில் கற்றது. ஆனால் அதன் வேர் அங்கே இல்லை. ஊரில் சோதனைச் சாவடிகளில் கேட்பார்கள். அவனைத் தெரியுமா? இல்லை. இங்கே வந்தார்களா? இல்லை. வீட்டில் ஏதாவது இருக்கிறதா? இல்லை. அந்த ஒரு சொல்லை வைத்து உயிர் தப்பியவர்கள் நாங்கள்.

இரண்டாவது: குடும்பமாக ஒரே வரிசையில் நிற்காதீர்கள். சேர்ந்து வந்தீர்களா என்று கேட்டாலும் இல்லை என்று சொல்லுங்கள். ஒருவரைப் பிடித்தால் மற்றவராவது வெளியில் நிற்க வேண்டும். வெளியில் நிற்பவர்தான் ஓடித்திரிந்து, செல்வாக்குள்ள ஆளைப் பிடித்து உள்ளே இருப்பவரை மீட்கலாம். இதுவும் ஒரு காலத்தில் பலரைக் காப்பாற்றிய விதி.

சிலேயின் விதி வேறு. மலையும் கடலும் பாலைவனமும் நாலு பக்கமும் காவல் நிற்கும் நாடு அது. வெளியிலிருந்து பூச்சியோ நோயோ வந்து தங்கள் தோட்டங்களில் ஏறிவிடக் கூடாது என்பதில் கண்ணாயிருக்கிறார்கள். விதை, பழம், இலை, தடி, இறைச்சி, பால் எதைக் கொண்டுபோனாலும் முன்கூட்டியே 'ஆம், கொண்டு வருகிறேன்' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் பார்ப்பார்கள், ஆகாததை எடுத்துக்கொள்வார்கள், போகச் சொல்வார்கள். மறைத்தால்தான் குற்றம், தண்டம், விசாரணை. என் ஆறு பக்கத்திலும் இந்த ஒன்றுதான் இருந்திருக்க வேண்டும். இது மட்டும்தான் இருக்கவில்லை.

என் தங்கை தோர்ண்டன் ஹீத்தில் இருக்கிறாள். அவள் புருஷன் ஜெர்மனியில் இறந்துபோக, பிள்ளையோடு லண்டனுக்கு வந்து, முதியோர் இல்லத்தில் ஷிப்ட் ஷிப்டாக வேலை செய்து அவனைப் படிப்பித்தவள். அவன் வானத்தைப் பார்க்கும் தொலைநோக்கிகளைப் பராமரிக்கும் வேலைக்குச் சிலே போனான். அங்கேயே ஒரு பெண்ணைப் பார்த்தான். பெண் வீட்டார், 'எங்கள் சடங்கு ஒரு நாள், உங்கள் சடங்கு ஒரு நாள்' என்று சொல்லிவிட்டார்கள். தங்கைக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். நம்முடைய நாளில் ஒன்றும் குறையக் கூடாது என்று இரண்டு பெட்டிகளை நிரப்பினாள். முளைப்பாலிகைக்கு நவதானியம், நிறைகுடத்துக்குத் தேங்காய், மாவிலை, வெற்றிலை, பாக்கு, மஞ்சள் கிழங்கு. கல்யாணத்துக்கு முன் முற்றத்தில் கன்னிக்கால் நடுவதற்கு ஒரு முள்முருக்கந்தடிகூட இருந்தது. அதைத் தோர்ண்டன் ஹீத் கடைக்காரர் எங்கிருந்தோ வரவழைத்துக் கொடுத்திருந்தார். அவள் ஈரத் துணியில் சுற்றிக் கூறைச் சேலை மடிப்புக்குள் வைத்தாள்.

அந்த நாட்டுச் சுங்கப் படிவத்தை இங்கிருந்தே இணையத்தில் நிரப்பலாம். அவளுடைய சாப்பாட்டு மேசையில் இருந்து நான்தான் நிரப்பினேன்.

"அண்ணை, உந்த நவதானியத்துக்கு என்ன போடுறது?"

"இல்லை எண்டு."

"தேங்காய்?"

"இல்லை."

"முள்முருக்கந்தடி?"

"அது தடி. தடியை ஆர் கேக்கப் போறான்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "கலியாணத்துக்கு எங்களோடை வாற ஐயர் எல்லாத்துக்கும் ஓம் எண்டுதான் போடப்போறாராம்."

"ஐயர் மந்திரத்தைச் சொல்லட்டும். படிவம் என்ரை வேலை."

அவள் சிரித்தாள். நான் பொத்தானை அழுத்தினேன்.

மற்றவர்கள் முந்திய நாளே போய்விட்டார்கள். அவர்களுடைய பெட்டிகளில் உடுப்பைத் தவிர ஒன்றும் இல்லை. எங்கள் விமானத்தில் நான், தங்கை, மனோர் பார்க்கிலிருந்து கூட்டிக்கொண்டு போன ஐயர், மூன்று பேர்தான். ஐயர் அங்கே இறங்கியதும் நேரே 'ஆம்' என்பவர்களின் வரிசைக்குப் போனார். நானும் தங்கையும் மற்ற வரிசையில், என் விதிப்படி, நடுவில் பத்துப் பன்னிரண்டு பேரை விட்டு நின்றோம்.

அதற்கு முன்பே, பெட்டிகளைச் சுழல்பட்டியிலிருந்து இறக்கும்போது ஒரு நாய் வந்திருந்தது. மஞ்சள் நிறம், நல்ல குணம், பச்சை உடுப்புப் போட்டிருந்தது. தங்கையின் பெட்டியை முகர்ந்துவிட்டு அதன் பக்கத்தில் சம்மணம் கொட்டி உட்கார்ந்தது. நாய்க்குப் பயந்த தங்கை பெட்டியை இழுத்துக்கொண்டு நாலடி போனாள். நாயும் நாலடி போய் மறுபடி உட்கார்ந்தது.

வரிசையில் நான் அவளுக்கு முன்னால் நின்றேன். என் பெட்டி இயந்திரத்துக்குள் போய் வெளியே வந்தது. உள்ளே உடுப்பும் பிரஷருக்குப் போடும் குளிசையும்தான். என் விதிகளை நானே நம்பியிருந்தால் ஒரு பக்கெற் மிளகாய்த்தூளாவது கொண்டுபோயிருப்பேன் அல்லவா? இது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

நாய் காட்டிக்கொடுத்த தங்கையின் பெட்டியை வரிசையிலிருந்து முன்னுக்கு எடுத்துவந்து மேசையில் திறந்தார்கள். இளம் பெண் அதிகாரி ஒருத்தி, மரியாதையாகத்தான் கேட்டாள்: உணவு, விதை, செடி ஏதாவது இருக்கிறதா? தங்கை 'இல்லை' என்றாள். நவதானியம் வெளியே வந்தது. வேறு ஏதாவது? 'இல்லை.' தேங்காய் வந்தது. வேறு? 'இல்லை.' மஞ்சள். கடைசியில் அந்தப் பெண் கூறைச் சேலையை மெதுவாக விரித்து, துளிர் விட்டுக்கொண்டிருந்த தடியைக் கையில் எடுத்து, இது என்ன என்பதுபோலப் பார்த்தாள். தங்கை அப்போதும் 'இல்லை' என்றாள்.

பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். கூப்பிடவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான். அதிகாரியும் அவள் பார்த்த திசையைப் பார்த்தாள். என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டாள்: "நீங்கள் இருவரும் சேர்ந்து வந்தவர்களா?"

நான் "இல்லை" என்றேன். பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே போனேன்.

பயத்தில் சொன்னேன் என்றால் கேட்க மரியாதையாக இருக்கும். பயம் பாதிதான். அந்தப் படிவத்தை நிரப்பிய மேதை நான்தான் என்று நின்று சொல்ல வேண்டி வருமே, அது கல்யாண வீடு முழுக்கத் தெரிந்துவிடுமே என்ற வெட்கம் மற்றப் பாதி. அவளைத் தனியே விட்டுவிட்டு ஓடி ஆள் பிடிப்பதற்காக நான் வெளியே போகவில்லை. யாரையும் பிடிக்கவும் இல்லை.

வெளியே மருமகன் பூங்கொத்தோடு நின்றான். "மாமா, அம்மா எங்கை?"

"பின்னால வாறா."

சிறிது நேரத்தில் ஐயர் சிரித்துக்கொண்டே வந்தார். "தர்ப்பையை எடுத்திட்டாங்கள், வெத்திலையை எடுத்திட்டாங்கள். ஒரு பிள்ளை தேங்க்யூ எண்டு சொல்லிப்போட்டு விட்டிட்டாள். பத்து நிமிசம் ஆகேல்லை." சுற்றிப் பார்த்தார். "தங்கச்சி எங்கை?"

"உள்ளை மறிச்சிட்டாங்கள்."

"நீங்கள் கூட நிக்கேல்லையோ?"

"விடமாட்டாங்களாம்" என்றேன்.

நாலு மணி நேரம் காத்திருந்தோம். மருமகன் ஒவ்வொரு கண்ணாடி ஜன்னலாக ஓடி ஸ்பானிய மொழியில் மன்றாடிக்கொண்டிருந்தான். நான் ஒரு எம்பனாடா வாங்கிச் சாப்பிட்டேன். இறைச்சியும் வெங்காயமும் வைத்து அடுப்பில் வேகவைத்த பெரிய பற்றிஸ் போன்றது. சுவையாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

தங்கை வந்தபோது கண் வீங்கியிருந்தது. பெட்டிகள் பாரமில்லாமல் ஆடின. தண்டம் விதித்து, கையெழுத்து வாங்கி விட்டிருக்கிறார்கள். தன்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், மகனுடைய கல்யாணத்தைப் பார்க்க முடியாது என்று நினைத்துக்கொண்டு நாலு மணி நேரம் ஒரு நாற்காலியில் இருந்திருக்கிறாள். அவளை யாரும் அதட்டவில்லை, தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் சீருடை, இந்தப் பக்கம் தான் என்று இருந்தால் அவளுக்கு எந்த நாடு என்பது மறந்துவிடும்.

மகனைக் கட்டிப்பிடித்துவிட்டு என்னிடம் வந்தாள். "நீங்கள் வெளியாலை வந்திட்டீங்கள்தானே அண்ணை. அது பெரிய நிம்மதி" என்றாள்.

கல்யாணம் நடந்தது. விஷயத்தைக் கேள்விப்பட்ட பெண்ணின் தகப்பனார் விடியற்காலையில் சந்தைக்குப் போய் ஒன்பது சிறு பைகளோடு வந்தார். கறுப்பு அவரை, வெள்ளை அவரை, பயறு, சோளம், கினோவா, இன்னும் எனக்குப் பெயர் தெரியாதவை. ஐயர் ஒவ்வொன்றையும் கையில் கொட்டிப் பார்த்தார். "ஒன்பது எண்டுதான் சொல்லியிருக்கு. எந்த நாட்டு ஒன்பது எண்டு சொல்லேல்லை" என்று பாலிகைச் சட்டியில் போட்டார். கன்னிக்காலுக்குச் சம்பந்தி தன் முற்றத்து எலுமிச்சையில் ஒரு கிளையை வெட்டிக் கொடுத்தார். தாலி கட்டும் நேரத்துக்குச் சற்று முன் நிலம் ஒருமுறை உதறியது. பெண் வீட்டார் ஒருவரும் எழும்பவில்லை. அங்கே அது பஸ் போவதுபோல. நம்மவர்கள் அத்தனை பேரும் செருப்பும் இல்லாமல் வாசலில் நின்றார்கள், நான் முதல் ஆளாக.

சாப்பாட்டு மேசையில் சம்பந்தி, மருமகன் மொழிபெயர்க்க, தங்கையிடம் கேட்டார்: "ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் எடுத்துக்கொண்டு உங்களை விட்டிருப்பார்களே."

தங்கை சொன்னாள்: "என்ரை பிழைதான் எண்டு சொல்லு தம்பி. அண்ணை வடிவா எழுதித் தந்தவர். நான்தான் மாறி விளங்கீட்டன்."

நான் பக்கத்தில் இருந்தேன். தலையை ஆட்டினேன்.

லண்டனுக்குத் திரும்பிய பிறகும் அவள் இதையே சொன்னாள். மனோர் பார்க் கோவிலில் அன்னதான வரிசையில், தோர்ண்டன் ஹீத் கடையில், யார் கேட்டாலும் இதுதான். 'அண்ணை சரியாத்தான் சொன்னவர்.' அவள் பொய் சொல்லவில்லை. நான் பிழையாகச் சொல்லியிருக்க முடியாது என்பதிலிருந்து தொடங்கி, 'இல்லை' என்பது படிவத்துக்கு மட்டும்தான், அதிகாரி நேரில் கேட்டபோது சொல்லியிருக்க வேண்டும், அப்படியானால் பிழை தன்னுடையது என்ற முடிவுக்கு வந்திருந்தாள். என் வரவேற்பறையில் ஆட்கள் குறையவில்லை. குறிப்பும் கை மாறிக்கொண்டிருந்தது.

இப்படி ஒரு வருடம் ஓடியது. பிறகு மருமகன் என்னைத் தொலைபேசியில் அழைத்தான்.

"மாமா, அம்மா இஞ்சை வரமாட்டாவாம். டிக்கெட் போடவும் விடுறா இல்லை. தன்ரை பேரைக் கறுப்புப் பட்டியல்லை போட்டிருப்பாங்களாம். அதோடை, தனக்கு ஒரு படிவம்கூட விளங்காதாம், தனியப் பயணம் செய்யிற தகுதி தனக்கு இல்லையாம். நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னாக் கேப்பா."

பட்டியல் எதுவும் இல்லை என்று அவனே விசாரித்து வைத்திருந்தான். தண்டம் கட்டியதோடு விஷயம் முடிந்தது. ஆனால் நாற்பது வருடம் மூன்று நாடுகளில் பிழைத்த ஒரு பெண், தான் முட்டாள் என்று நம்பி, பெற்ற பிள்ளையைப் பார்க்கப் போகாமல் இருந்தாள். அந்த நம்பிக்கையைக் கொடுத்தவன் நான். நான் போய் உண்மையைச் சொல்லாமல் அவள் அங்கே போகப்போவதில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறித் தோர்ண்டன் ஹீத்துக்குப் போனேன். அவள் குசினியில் கணவாய் துப்பரவு செய்துகொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். என் குறிப்புப் பிழை என்பதை முதலில் சொன்னேன். அது இலகுவாக இருந்தது. பிறகு மற்றதைச் சொன்னேன்.

"அண்டைக்கு அந்த அதிகாரிப் பெட்டை என்னட்டைக் கேட்டவள், சேர்ந்து வந்தனீங்களோ எண்டு. நான் இல்லை எண்டனான்."

அவள் கை நின்றது. "என்னத்துக்கு?"

"வெக்கம்."

"நான் நினைச்சன், நீங்கள் சொல்லிப் பாத்திருப்பீங்கள், அவங்கள் விடேல்லை எண்டு."

"இல்லை. நான் ஒண்டும் சொல்லேல்லை."

குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். துடைத்தாள். "ஒரு வருசமா என்ரை பிழை எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சனான்."

"ஓம்."

"பக்கத்திலை நிண்டு கேட்டுக்கொண்டிருந்தனீங்கள்."

"ஓம்."

"ஐயர் சொன்னது சரி எண்டும் உங்களுக்குத் தெரியும்."

"ஓம்."

"இப்பதான் உங்கடை வாயிலை அந்தச் சொல்லு வருது" என்றாள்.

கணவாயைக் கறியாக்கினாள். ஒரு சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டு மேசையில் வைத்துவிட்டு, மற்ற அறைக்குப் போய்த் தொலைக்காட்சியைப் போட்டாள். நான் தனியே இருந்து சாப்பிட்டேன். போகும்போது, அடுத்த முறை படிவம் வந்தால் நான் சரியாக நிரப்பித் தருகிறேன் என்று வாசலில் நின்று சொன்னேன். இப்படிச் சொல்ல ஒரு தடித்த தோல் வேண்டும், எனக்கு இருந்தது.

"எனக்கு வாசிக்கத் தெரியும்" என்றாள்.

அவள் போன விஷயம் எனக்கு மருமகன் சொல்லித்தான் தெரியும். விமான நேரத்தைக்கூட அவள் எனக்குச் சொல்லவில்லை. கேட்ட எல்லாவற்றுக்கும் 'ஆம்' போட்டிருக்கிறாள். பெட்டிக்குள் இருந்த அரிசிமா, கறிவேப்பிலை, எள்ளுருண்டை எல்லாவற்றையும் தானே எடுத்து மேசையில் வரிசையாக வைத்திருக்கிறாள். கறிவேப்பிலையைக் குப்பையில் போட்டார்கள். மற்றதைப் பார்த்துவிட்டு, அவளை விட்டுவிட்டார்கள்.

"கால் மணித்தியாலம்தான் மாமா. சிரிச்சுக்கொண்டு வெளியாலை வந்தவ" என்றான் மருமகன்.

"ஒருக்கா அம்மாவிட்டைக் குடு."

தூரத்தில் ஏதோ பேச்சு. கோப்பைகளின் சத்தம். பின்னேரத் தேநீர் நேரமாக இருக்க வேண்டும். மருமகன் திரும்பி வந்தான்.

"பிறகு எடுக்கிறாவாம் மாமா."

ஐந்து கிழமையாகிறது. எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று அவளுக்குக் கட்டாயமும் இல்லை.